ஜாவா வலைவழங்கிகளில் தமிழ்த் தரவு சிதையும் இடங்கள்: ‘சாந்தோம்’ என்னும் தேடுசொல்லை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வேட்டுக் களஞ்சியங்கள் பல ஜாவா மொழியில் எழுதப்பட்டு, டாம்கேட் போன்ற வலைவழங்கிகளின் மேல் இயங்குகின்றன. இவ்வழங்கிகளின் அமைவில் நேரும் சிறு பிழைகள் தமிழ்த் தலைப்புகளையும் ஆய்வுச் சுருக்கங்களையும் தேடலுக்கு அகப்படாதவையாக ஆக்கிவிடுகின்றன. ‘சாந்தோம்’ என்னும் ஒரு சொல் உலாவியிலிருந்து தரவுத்தளம் வரை சென்று மீளும் வழியைப் பின்தொடர்ந்து, அது எங்கெங்கே சிதையக்கூடும், சிதைவின் வடிவத்தைக் கொண்டு பிழையின் இடத்தை எவ்வாறு கண்டறியலாம், சிதைந்த தரவை எந்த அளவிற்கு மீட்கலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஜாவா, டாம்கேட், டிஸ்பேஸ், ஒருங்குறி, எழுத்துக் குறியாக்கம், பிழைநீக்கம், ஆய்வேட்டுக் களஞ்சியம்

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகளை அளிப்பதைக் கட்டாயமாக்கியது. அப்படிகளைத் தொகுத்து வழங்கும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தைக் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தி வருகிறது. அது ‘டிஸ்பேஸ்’ என்னும் மென்பொருளின் மேல் அமைந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன நூலகமும் எச்.பி. ஆய்வகமும் இணைந்து 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ், ஜாவா மொழியில் எழுதப்பட்டது. டாம்கேட் வழங்கியில் இயங்குவது. கல்லூரிகளும் நூலகங்களும் தமக்கென நிறுவிக்கொண்ட களஞ்சியங்களில் பலவும் இதே இணையைக் கொண்டவை.

தமிழாய்வாளர் ஒருவர் சாந்தோம் பகுதியின் வரலாறு குறித்த ஆய்வைத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். முன்னாய்வுகளைத் திரட்டுவதற்காக ஒரு களஞ்சியத்தின் தேடுபெட்டியில் ‘சாந்தோம்’ என உள்ளிடுகிறார். முடிவுகள் இல்லை என விடை வருகிறது. அக்களஞ்சியத்தில் அத்தகைய ஆய்வேடு உண்மையிலேயே இல்லாதிருக்கலாம். அல்லது இருந்தும் வழங்கி அதனைக் காட்டாதிருக்கலாம். ஆய்வாளர் முதற்காரணத்தையே கொள்வார். ‘இப்பொருண்மையில் இதுவரை ஆய்வு நிகழவில்லை’ என்னும் தொடர் அவருடைய ஆய்வேட்டின் முதல் இயலில் இடம்பெற்றுவிடும். அமைவுக் கோப்பு ஒன்றின் ஒரு வரி, ஆய்வு வரலாறு குறித்த பொய்க்கூற்றாக மாறுவது இவ்வாறுதான். கணினி அறிஞருக்கே உரியது எனத் தமிழ்த்துறைகள் ஒதுக்கிவைக்கும் இப்பொருளைத் தமிழாய்வாளரும் அறிந்திருக்க வேண்டியதன் காரணமும் அதுவே.

ஒரு சொல்லின் அளவுகள்

‘சாந்தோம்’ என்பது இலக்கண நோக்கில் சா, ந், தோ, ம் என நான்கு எழுத்துகள் கொண்ட சொல். ஒருங்குறி அதனை அவ்வாறு எண்ணுவதில்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, தமிழுக்கு உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி என்னும் அலகுகளை வகுத்தது. அதன்படி இச்சொல் ச, கால், ந, புள்ளி, த, ஓகாரக் குறி, ம, புள்ளி என எட்டுக் குறியீடுகளாக அமைகிறது. இக்குறியீடுகளைக் கம்பிவழி அனுப்பும்போது யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். மொத்தம் 24 பைட்டுகள். வலைமுகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக எழுதப்படுவதால், அங்கு இச்சொல்லின் நீளம் 72 இடங்கள்.

நான்கு, எட்டு, இருபத்துநான்கு, எழுபத்திரண்டு என்னும் இவ்வெண்களை நினைவில் இருத்துவது நன்று. திரையில் எழுத்து எவ்வாறு தோன்றுகிறது என்பதை நோக்குவதைவிட, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் நீளம் என்ன என்பதை நோக்குவதே பிழை தேடுவதற்கு உறுதியான வழி. திரையில் தோன்றும் வடிவம் எழுத்துரு, உலாவி, முனையம் ஆகிய பலவற்றால் மாறக்கூடியது. நீளம் அவ்வாறு ஏமாற்றுவதில்லை.

‘த’ என்னும் எழுத்தின் ஒருங்குறி எண் 2980. அதன் மூன்று பைட்டுகள் 224, 174, 164 ஆகும். இம்மூன்றையும் சேர்த்துப் படிக்க அறியாத நிரல், ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகக் கொள்ளும்போது, மேலே சாய்கோடிட்ட ஓர் இலத்தீன் உயிரெழுத்தும், வட்டத்துள் அமைந்த வணிகப் பதிவுக் குறியும், பணத்தைக் குறிக்கும் ஒரு பொதுக்குறியும் திரையில் தோன்றும். தமிழ்ப் பக்கங்களில் சாய்கோட்டு உயிரெழுத்து மீண்டும் மீண்டும் வருவதை வாசகர் பலரும் கண்டிருப்பர். ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியிலுள்ள குறியீடுகள் யாவும் 224 என்னும் பைட்டில் தொடங்கி 174 அல்லது 175 என்னும் பைட்டால் தொடரப்படுவதே அதற்குக் காரணம். எனவே அக்காட்சி தோன்றினால் தரவு அழியவில்லை, தவறாகப் படிக்கப்பட்டுள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஜாவாவின் இயல்பும் வழங்கியின் மரபும்

1995இல் வெளிவந்த ஜாவா, தன் எழுத்து வகையைத் தொடக்கத்திலிருந்தே ஒருங்குறியின் மேல் அமைத்துக்கொண்ட மொழி. ஆகவே ஜாவா நிரலின் உள்ளே வந்து சேர்ந்த தமிழ் பொதுவாக அங்குக் கெடுவதில்லை. உள்நுழையும் வாயிலிலும் வெளியேறும் வாயிலிலுமே கெடுகிறது. பைட்டுகளை எழுத்தாக்குவது குறிநீக்கம். எழுத்தைப் பைட்டுகளாக்குவது குறியாக்கம். இவ்விரண்டும் நிகழும் இடங்கள் ஒரு களஞ்சியத்தில் ஏழெட்டுக்குக் குறையா. அவற்றுள் ஒன்று மட்டும் வேறு முறையைப் பின்பற்றினால் போதும், தமிழ் சிதையும்.

வலைவழங்கிகளின் மரபோ ஐரோப்பிய எழுத்துகளைச் சார்ந்தது. 1999இல் வகுக்கப்பட்ட எச்.டி.டி.பி. நெறிமுறை, வேறு குறிப்பு இல்லாத உரையை ஐஎஸ்ஓ 8859-1 என்னும் மேலை ஐரோப்பியக் குறியாக்கமாகக் கொள்ளுமாறு கூறியது. ஜாவாவின் சர்வ்லெட் வரைமுறையும் அதனையே இயல்புநிலையாகக் கொண்டது. டாம்கேட் 7 வரையிலான பதிப்புகள், முகவரியில் வரும் தேடுசொல்லை இம்முறைப்படியே குறிநீக்கின. உலாவி 24 பைட்டுகளைச் சரியாக அனுப்பினும், நிரலின் கையில் கிடைப்பது 24 ஐரோப்பிய எழுத்துகள் கொண்ட சரம். அதனைத் தரவுத்தளத்தில் எட்டுக் குறியீடுகளாக உள்ள ‘சாந்தோம்’ என்பதோடு ஒப்பிட்டால் பொருத்தம் எவ்வாறு கிட்டும்?

இதனைத் திருத்துவது எளிது. டாம்கேட்டின் ‘சர்வர்.எக்ஸ்எம்எல்’ கோப்பில் இணைப்பியை வரையறுக்கும் இடத்தில் ‘யூஆர்ஐ-என்கோடிங்’ என்னும் பண்பிற்கு யூடிஎஃப்-8 என மதிப்பளிக்க வேண்டும். டிஸ்பேஸின் நிறுவல் கையேடு இதனை வெளிப்படையாகவே வலியுறுத்துகிறது. இருந்தும் பலர் இதில் இடறுவதற்கு ஒரு காரணம் உண்டு: ஒரு வழங்கியில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பிகள் இருக்கக்கூடும். 8080ஆம் எண் வாயிலுக்கு ஒன்று. முன்னால் நிற்கும் அப்பாச்சி வழங்கி பயன்படுத்தும் ஏஜேபி நெறிமுறைக்கு 8009ஆம் எண் வாயிலில் மற்றொன்று. பொறுப்பாளர் முதலாவதைத் திருத்தி, 8080 வாயில் வழியே சோதித்து, தமிழ் சரியாக வருகிறது என நிறைவடைகிறார். பொதுமக்களோ அப்பாச்சி வழியாக, அதாவது 8009 வழியாக வருகின்றனர். அலுவலகத்திற்குள் தேடினால் கிடைப்பது வெளியிலிருந்து தேடினால் கிடைக்காமற்போவது இதனாலேயே.

கேட்டல் முறைக்கும் அளித்தல் முறைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்குக் கருத வேண்டும். தேடுசொல் முகவரியோடு வருவது ‘கெட்’ முறை. ஆய்வேட்டின் தலைப்பும் சுருக்கமும் படிவத்தின் உடற்பகுதியாக வருவது ‘போஸ்ட்’ முறை. மேற்கூறிய பண்பு முதலாவதை மட்டுமே ஆளும். இரண்டாவதற்கு, கோரிக்கையின் குறியாக்கத்தை நிரலே அறிவிக்க வேண்டும். டாம்கேட் இதற்கென ஒரு வடிகட்டியையும் உடன் தருகிறது. அவ்வடிகட்டி பிற எல்லா வடிகட்டிகளுக்கும் முன்னதாக நிற்க வேண்டும். படிவத்தின் எந்த ஒரு மதிப்பையேனும் எவரேனும் ஒருமுறை கேட்டுவிட்டால், வழங்கி அக்கணமே உடற்பகுதி முழுவதையும் குறிநீக்கி வைத்துக்கொள்ளும். அதன்பின் குறியாக்கத்தை அறிவித்துப் பயனில்லை. பிழைச்செய்தியும் எழாது. புதிதாகச் சேர்த்த உள்நுழைவு வடிகட்டி ஒன்று வரிசையில் முன்னே அமர்ந்ததனால், ஆண்டுக்கணக்கில் சரியாக இயங்கிய படிவம் திடீரெனச் சிதைவதும் உண்டு. 2017இல் வந்த சர்வ்லெட் 4.0 வரைமுறை, செயலியின் ‘வெப்.எக்ஸ்எம்எல்’ கோப்பிலேயே கோரிக்கை, மறுமொழி இரண்டன் குறியாக்கத்தையும் அறிவிக்க இடமளித்தது. டாம்கேட் 10 தன் பொது அமைவுக் கோப்பில் அவ்வறிவிப்புகளை முன்னதாகவே சேர்த்துத் தருகிறது.

திருத்தமே பிழையாதல்

2014இல் வந்த டாம்கேட் 8, முகவரியின் இயல்புக் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என மாற்றிற்று. தமிழுக்கு நன்மையான இம்மாற்றமே பழைய செயலிகள் சிலவற்றில் தமிழைக் கெடுக்கும் என்பது வியப்பாகத் தோன்றலாம்.

முந்தைய பதிப்புகளில் நேர்ந்த சிதைவை, வழங்கியின் அமைவில் திருத்தாமல் நிரலுக்குள் திருத்திய நிரலாளர் பலர். வந்த 24 ஐரோப்பிய எழுத்துகளை மீண்டும் ஐஎஸ்ஓ 8859-1 வழியே 24 பைட்டுகளாக்கி, அவற்றை யூடிஎஃப்-8 எனப் படித்து எட்டுக் குறியீடுகளைப் பெறுவது அவர்தம் உத்தி. ஜாவா நிரலாளரிடையே அவ்வொற்றை வரி மிகப் பரவலானது. டாம்கேட் 7இல் அது சரியாக இயங்கும். வழங்கி 8ஆம் பதிப்பிற்கு உயர்த்தப்பட்ட நாளில், தேடுசொல் ஏற்கெனவே சரியான எட்டுத் தமிழ்க் குறியீடுகளாக வந்து சேர்கிறது. அதனை அப்பழைய வரி மீண்டும் ஐஎஸ்ஓ 8859-1 வடிவத்திற்கு மாற்ற முற்படுகிறது. அக்குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்கு ஜாவா கேள்விக்குறியை இடுகிறது. எனவே களஞ்சியம் எட்டுக் கேள்விக்குறிகளைத் தேடி, எதுவும் இல்லை என விடை தருகிறது.

ஆங்கிலத் தேடல்கள் எவ்விதக் குறையுமின்றி நடக்கும். பட்டியல் வழியே சென்று திறந்தால் தமிழ்த் தலைப்புகள் அழகாகவே தோன்றும். தமிழ்த் தேடல் மட்டும் ஓசையின்றி நின்றுபோயிருக்கும். பதிப்பு உயர்த்திய பொறுப்பாளர் ஆங்கிலச் சொல்லைக் கொண்டே சோதிப்பாராயின், இப்பிழை எவர் கண்ணிலும் படாது. தமிழ்நாட்டுக் கல்வி நிறுவனங்களின் வழங்கிகளைப் பேணுவோர் சோதனைச் சொற்களாகத் தமிழ்ச் சொற்களையும் வைத்துக்கொள்வது மிகையான எதிர்பார்ப்பு அன்று.

நிலையந்தோறும் எண்ணிப் பார்த்தல்

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு தோன்றிய படியைக் கண்டறியும் பதிப்பாசிரியரின் முறையே இங்கும் ஏற்றது. சொல் கடந்துசெல்லும் ஒவ்வொரு நிலையமும் ஒரு படி. முதற்பிழை எந்தப் படியில் நுழைந்தது என்பதே வினா.

முதற்படி வழங்கியின் அணுகுபதிவேடு. வந்த கோரிக்கை அங்குக் குறிநீக்கப்படாமல், வந்தவாறே பதிவாகியிருக்கும். ‘சாந்தோம்’ எனத் தேடிய வரியில் 24 விழுக்காட்டுக் குறிகள் இருந்தால் உலாவி தன் கடமையைச் செய்துள்ளது. அடுத்த படி நிரலின் உட்பகுதி. அங்குத் தேடுசொல்லின் நீளம் எட்டாயின் நன்று. 24 ஆயின் பிழை வாயிலிலேயே நேர்ந்துள்ளது, இணைப்பியையும் வடிகட்டியையும் நோக்க வேண்டும். மூன்றாவது தரவுத்தளம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டிலும் ஒரு புலத்தின் எழுத்து நீளத்தையும் பைட் நீளத்தையும் தனித்தனியே கேட்க இயலும். எழுத்து எட்டு, பைட் 24 என விடை வந்தால் தரவு செம்மையானது. எழுத்து 24, பைட் 48 என வந்தால், வாயிலில் சிதைந்த சொல் அச்சிதைவோடு மீண்டும் குறியாக்கம் பெற்றுச் சேமிக்கப்பட்டுள்ளது. எழுத்து எட்டு, பைட்டும் எட்டு என வந்தால் அங்கு இருப்பவை கேள்விக்குறிகள், அப்பதிவு அழிந்தது. இறுதிப்படி மறுமொழி. தரவுத்தளத்தில் செம்மையாக இருந்தும் திரையில் எட்டுக் கேள்விக்குறிகள் தோன்றினால், மறுமொழியின் குறியாக்கம் அறிவிக்கப்படாமல் ஐரோப்பிய இயல்புநிலைக்குச் சென்றுள்ளது.

கேள்விக்குறிகளின் எண்ணிக்கை குறியீடுகளின் எண்ணிக்கையோடு ஒத்திருப்பது, சொல் ஜாவாவிற்குள் சரியாக வந்து, வெளியேறும்போது கெட்டது என்பதற்குச் சான்று. சாய்கோட்டு உயிரெழுத்துகளின் கூட்டம், உள்நுழையும்போது கெட்டது என்பதற்குச் சான்று. இவ்விரு குறிகளையும் அறிந்த ஆய்வாளர், வழங்கியை அணுக உரிமை இல்லாத நிலையிலும், பொறுப்பாளருக்கு எழுதும் மடலில் பிழையின் பக்கத்தைச் சுட்டிவிட முடியும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நிரலுக்குள் நோக்க விரும்புவோர் தேடுசொல்லை அப்படியே பதிவேட்டில் அச்சிட்டுப் பார்ப்பது வழக்கம். பதிவேடும் ஒரு வெளியேறும் வாயிலே. அதன் குறியாக்கம் தவறாக இருப்பின், நலமாக உள்ள சொல்லும் அங்குக் கேள்விக்குறியாகத் தோன்றி, இல்லாத பிழையைத் தேடி அலைய வைக்கும். எனவே எழுத்தை அச்சிடாமல் அதன் ஒருங்குறி எண்களை அச்சிட வேண்டும். 2970, 3006, 2984, 3021, 2980, 3019, 2990, 3021 எனப் பதிவேட்டில் கண்டால் ‘சாந்தோம்’ பிழையின்றி வந்துள்ளது. இலக்கங்களை எக்குறியாக்கமும் சிதைப்பதில்லை.

மின்தடைக்குப் பின் தோன்றும் பிழை

குறியாக்கத்தை வெளிப்படையாகக் கூறாமல் ஒரு கோப்பைப் படிக்கும் ஜாவா நிரல், இயங்குதளத்தின் இயல்புக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் கணினியில் அது சூழல்மாறிகளைப் பொறுத்தது. பொறுப்பாளர் தம் முனையத்திலிருந்து டாம்கேட்டைத் தொடங்கினால் அவருடைய கணக்கின் யூடிஎஃப்-8 சூழல் அதற்குக் கிட்டும். மின்தடைக்குப் பின் கணினி தானே மீண்டெழுந்து டாம்கேட்டைத் தொடங்கினால் அச்சூழல் கிட்டாமற் போகலாம்; அப்போது இயல்புக் குறியாக்கம் வெறும் ஆஸ்கி. நேற்றுவரை இயங்கிய களஞ்சியம் இன்று தமிழைக் கேள்விக்குறியாக எழுதும். பொறுப்பாளர் வந்து கையால் நிறுத்தித் தொடங்கியதும் பிழை மறையும். காரணம் விளங்காமல் ‘ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்’ என்னும் நம்பிக்கை அலுவலகங்களில் நிலைபெறுவது இத்தகைய நிகழ்வுகளால்தான். தொடக்கக் கோப்பில் குறியாக்கத்தை எழுதிவைப்பதே உரிய தீர்வு. 2022இல் வெளிவந்த ஜாவா 18 முதல், இயங்குதளம் எதுவாயினும் இயல்புக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆகும். எனினும் கோப்புகளின் பெயர்கள் இன்றும் இயங்குதளச் சூழலையே சார்ந்துள்ளன. தமிழில் பெயரிடப்பட்ட ஆய்வேட்டுக் கோப்புகளைப் பதிவேற்றுவோர் இதனை அறிதல் வேண்டும்.

விண்டோஸ் கணினிகளில் நிலைமை வேறு. ஆங்கில மொழி அமைவுடைய விண்டோஸில், ஜாவா 18க்கு முன் இயல்புக் குறியாக்கம் விண்டோஸ்-1252 என்பதாகும். துறைதோறும் ஆய்வேடுகளின் பட்டியலை எக்செல் தாளில் தயாரித்து, காற்புள்ளி பிரித்த கோப்பாகச் சேமித்து, களஞ்சியத்தில் மொத்தமாக ஏற்றும் வழக்கம் உள்ளது. அக்கோப்பைச் சேமிக்கும்போது எக்செல்லில் வெறும் ‘சிஎஸ்வி’ என்பதைத் தேர்ந்தால் தமிழ் அங்கேயே கேள்விக்குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்தல் வேண்டும். இவ்விரண்டாவது வகைக் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு குறி நிற்கும். ஜாவா அதனைத் தானே நீக்குவதில்லையாதலின், முதல் நெடுவரிசையின் பெயர் பொருந்தவில்லை எனப் பிழைச்செய்தி வரலாம். செய்தியில் காணும் பெயரும் எதிர்பார்த்த பெயரும் ஒன்றே போல் தோன்றுவதால், இது பொழுதை மிகுதியும் விழுங்கும் பிழைகளுள் ஒன்று.

ஒரே சொல், இரு வடிவம்

வழங்கியின் அமைவு முழுதும் செம்மையாக இருந்தும் ‘சாந்தோம்’ அகப்படாமற் போகும் வழி ஒன்று எஞ்சியுள்ளது. ‘தோ’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒருங்குறி ஒரே குறியீடாகவும் (3019), ஏகாரக் குறியும் காலுமாக இரு குறியீடுகளாகவும் (3015, 3006) எழுத இடமளிக்கிறது. இரண்டும் திரையில் ஒன்றே. ஒருங்குறி விதிப்படியும் நிகரானவை. ஆயினும் ஜாவாவின் நேரடி ஒப்பீடு அவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். இரண்டாம் வடிவில் இச்சொல் ஒன்பது குறியீடுகளும் 27 பைட்டுகளும் உடையது. அணுகுபதிவேட்டில் 27 விழுக்காட்டுக் குறிகள் காணப்பட்டால், பயனரின் விசைப்பலகை மென்பொருள் பிரிந்த வடிவை அனுப்பியுள்ளது என அறியலாம்.

தமிழில் இச்சிக்கல் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளிலும் ‘ஔ’ என்னும் உயிரெழுத்திலும் மட்டுமே எழும். ஜாவா 6 முதல் உள்ள இயல்பாக்க வகுப்பினைக் கொண்டு, சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை ஒரே வடிவிற்குக் கொணர்ந்தால் இது தீரும். ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு மாறாக ‘ள’ என்னும் எழுத்தையே தட்டச்சிடும் பழக்கத்தை மட்டும் எந்த இயல்பாக்கமும் திருத்தாது. அதுபோன்றே ‘சாந்தோம்’, ‘சான்தோம்’ என்னும் எழுத்துவேறுபாடும் வழங்கியின் பொறுப்பன்று. அது பட்டியலிடுவோர் இணைச்சொற்களாகப் பதிந்து தீர்க்க வேண்டியது.

கல்வெட்டு, நிலவருவாய் ஆவணங்கள் குறித்த ஆய்வேடுகளுக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. முந்திரி முதலிய பின்ன எண்குறிகள் உள்ளிட்ட 51 குறியீடுகள், 2019இல் வந்த ஒருங்குறி 12ஆம் பதிப்பில் தமிழ்த் துணைத்தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. முந்திரியின் எண் 73664. இவை யூடிஎஃப்-8இல் நான்கு பைட்டுகள் கொள்பவை. ஜாவாவின் கணக்கில் ஒவ்வொன்றின் நீளமும் இரண்டு. மைஎஸ்கியூஎல் ‘யூடிஎஃப்8’ எனப் பெயரிட்டு வழங்கிவந்த குறியாக்கம் மூன்று பைட்டுகளையே ஏற்கும். கண்டிப்பற்ற அமைவில் அத்தரவுத்தளம் முந்திரிக் குறியைக் கண்ட இடத்திலிருந்து எஞ்சிய உரை முழுவதையும் வெட்டிவிடும்; ஆய்வுச் சுருக்கம் பாதியில் நின்றுபோகும். ‘யூடிஎஃப்8-எம்பி4’ என்னும் குறியாக்கமே ஏற்றது.

வழங்கி பொறுப்பேற்க இயலாதவை

2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அது செயற்படாத இடங்களுக்குத் தேஸ் 16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய ஆய்வேடுகள் பலவும், அதன் பின்னர் வந்தவற்றுள் சிலவும், பாமினி போன்ற எழுத்துரு சார்ந்த குறியாக்கங்களில் தட்டச்சிடப்பட்டவை. அவற்றின் பிடிஎஃப் கோப்பிலிருந்து களஞ்சியம் உரையைப் பிரித்தெடுக்கும்போது கிடைப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவை. திரையில் செந்தமிழாகத் தோன்றும் அவ்வேட்டின் உள்ளே தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. வழங்கியை எவ்வாறு அமைத்தாலும் இது தீராது. அந்தந்த எழுத்துருவிற்கு உரிய மாற்றி கொண்டு உரையை ஒருங்குறியாக்கித் தனிக்கோப்பாக இணைப்பதே வழி. பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பார்த்தால், ஏடு எவ்வகையைச் சார்ந்தது என்பது நொடியில் தெரிந்துவிடும். ஆய்வேட்டை அளிப்பதற்கு முன் நெறியாளர்கள் இச்சிறு சோதனையைச் செய்விக்கலாம்.

சிதைந்த பதிவுகளை மீட்டல்

ஐஎஸ்ஓ 8859-1 வழியே தவறாகப் படிக்கப்பட்ட தரவு, 256 பைட்டுகளுக்கும் அதில் இடமுண்டு என்பதால், முழுமையாக மீளக்கூடியது. எழுத்து 24, பைட் 48 என உள்ள பதிவுகளை மேற்கூறிய ஒற்றை வரி உத்தியால் செம்மையாக்கலாம். கேள்விக்குறியானவை மீளா. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது விண்டோஸ்-1252 வழியே சிதைந்த தரவு. தமிழாய்வாளரின் பணி தேவைப்படுவது இங்கேதான்.

விண்டோஸ்-1252இல் 129, 141, 143, 144, 157 என்னும் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்து இல்லை. ஜாவா அவற்றைப் பதிலிக் குறியாக மாற்றிவிடுகிறது; எப்பைட் இருந்தது என்னும் செய்தி அழிகிறது. தமிழ்ப் பகுதியில் 141 புள்ளிக்கும், 129 உகரக் குறிக்கும், 143 ஏகார உயிருக்கும், 144 ஐகார உயிருக்கும் ஓம் குறிக்கும் இறுதிப் பைட்டாக வருவன. எனவே இவ்வகைச் சிதைவில் புள்ளியும் உகரமும் ஒன்றாகக் கலந்து மறைகின்றன. ‘சாந்தோம்’ என்பதில் இரு புள்ளிகளும் மறைய, எஞ்சிய 22 பைட்டுகள் மீளும். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதிய வழக்கத்தால் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட இடரும் இதுவும் வியத்தகு முறையில் ஒத்தவை.

தீர்வும் அவர்கள் கைக்கொண்டதே. ஏகாரமும் ஐகாரமும் மொழிமுதலில் வருவனவாதலின் அகராதியைக் கொண்டு பிரிக்கலாம். புள்ளியா உகரமா என்பதற்கு மொழியிறுதி பற்றிய இலக்கண விதி துணைநிற்கும். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நில்லாது; எனவே சொல்லிறுதியில் வல்லினத்தை அடுத்துப் பதிலிக் குறி வந்தால் அது பெரும்பாலும் உகரம். வருமொழி வல்லினத்தில் தொடங்கி, அதே எழுத்து முன்சொல்லின் இறுதியில் நின்றால் மட்டும் அது சந்தியால் மிகுந்த ஒற்றாக இருக்கக்கூடும். இடையில் வல்லினம் இரட்டித்து நின்றால் முன்னது புள்ளி பெறும். மெல்லினமும் இடையினமும் இறுதியில் வரும்போது புள்ளியைக் கொள்வதே பெரும்பான்மை. இவ்விதிகளை ஒரு சிறு ஜாவா நிரலாக எழுதி ஓட்டலாம். விதிகளுக்கு அடங்காத சொற்களை மட்டும் தனியே பட்டியலிட்டு, தமிழ்த்துறையினர் ஒருவர் ஆய்வேட்டின் முகப்புப் பக்கத்தோடு ஒப்புநோக்கித் தீர்க்க வேண்டும். அவ்வாறு தீர்க்கும்போது சிதைந்த மூலப்புலத்தை அழித்துவிடாமல் வேறொரு புலத்தில் வைத்து, திருத்திய நாளையும் திருத்தியவர் எவர் என்பதையும் உடன் பதிந்துவைத்தல் வேண்டும். பின்வருவோர் அத்திருத்தத்தை ஏற்கவோ மறுக்கவோ அதுவே இடமளிக்கும்.